ஓட்டம் அறுபடாமல்

மனசில் வந்த மெட்டு கைக்கு இறங்குவதற்குள் எத்தனை தடைகள்! கணினியைப் போட வேண்டும், மென்பொருள் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும், கீபோர்டு எந்த டிராக்கில் பேசுகிறது என்று பார்க்க வேண்டும். அப்புறம் ஒலியைத் தேட வேண்டும். கிக் டிரம் மட்டுமே வட்டில் ஆயிரக்கணக்கில் கிடக்கும். ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டுக்கொண்டே போய் ஒன்றில் மனசு நிற்கும்போது கிக் கிடைத்திருக்கும், மெட்டு போயிருக்கும்.

மதுரையில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து இசை செய்கிறவன் நான். திருவிழாப் பாட்டு, குறும்படத்துக்குப் பின்னணி, இவற்றுக்கு நடுவே எனக்கென்று செய்துகொள்ளும் மின்னணு இசை. என்னிடம் வரும் தம்பிகள் முதலில் கேட்பது எந்த ப்ளக்-இன் வாங்கலாம் என்பதைத்தான். ப்ளக்-இன் போதாமல் நின்றுபோன பாட்டை நான் பார்த்ததில்லை. முப்பது விநாடியோடு நின்றுபோன பாட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அநேகமாக எல்லாமே வேலையை அடுக்கிய விதத்தில் சிக்கி நின்றவை.

ஓட்டம் என்று நாங்கள் சொல்வதைப் பலர் ஒரு மனநிலையாகப் பேசுகிறார்கள். எனக்கு அது ஞாபகத்தோடு சம்பந்தப்பட்டதாகவே தெரிகிறது. ஒரு மெட்டையும் அது அடுத்து எங்கே திரும்பப்போகிறது என்பதையும் காது கொஞ்ச நேரம்தான் பிடித்து வைத்திருக்கும். அந்த நேரத்தில் வேறு கேள்விகளைக் கேட்டால் பிடி நழுவிவிடும். எந்த ஃபோல்டர், எந்த மைக், எந்தச் சுருதி, எந்த வேகம் எல்லாமே தேவையான கேள்விகள்தான். அவற்றை மெட்டு வந்திருக்கும் நேரத்தில் கேட்கக்கூடாது.

இதை நம் ஊர்ப்பக்கத்துக்காரர் ஒருவரிடமிருந்தே கற்கலாம். பண்ணைப்புரம் இப்போது தேனி மாவட்டம். இளையராஜா பிறந்தபோது அது மதுரை மாவட்டம். அவர் படத்தைப் பார்ப்பார். கருவியைத் தொடாமல் தாளில் எழுதுவார். வயலின்களுக்கு என்ன, புல்லாங்குழலுக்கு என்ன, பேஸ் கிதாருக்கு என்ன என்று எல்லாமே அந்தத் தாளில் இருக்கும். பிரதி எடுப்பவர்கள் ஒவ்வொரு கருவிக்கும் உரியதைத் தனித்தனியே எழுதிக் கொடுக்க, வாசிப்பவர்கள் பார்த்து வாசிப்பார்கள். மைக் திறப்பதற்கு முன்பே முடிவுகள் அத்தனையும் எடுக்கப்பட்டுவிட்டன. 1986-இல் 'புன்னகை மன்னன்' படத்துக்குக் கணினி சீக்வென்சர் வைத்து அவர் வேலை செய்தார். கருவி மாறியது, யோசித்து முடித்துவிட்டுப் பதிவுக்குப் போகும் வரிசை மாறவில்லை.

அவர் குழுவில் கீபோர்டு வாசித்த இளைஞர் திலீப், பிறகு ஏ.ஆர்.ரஹ்மான், 1989-இல் கோடம்பாக்கத்தில் வீட்டை ஒட்டியே பஞ்சதன் ஸ்டூடியோவைக் கட்டினார். 1992-இல் 'ரோஜா' வந்தது. அவர் போன வழி நேர் எதிர். வாத்தியக்காரரைக் கூப்பிட்டு ஒரு ராகத்தையோ ஒரு சூழலையோ கொடுத்துத் தோன்றியதை வாசிக்கச் சொல்வார், முழுதையும் பதிவு செய்துகொள்வார், பிறகு அதிலிருந்து வேண்டியதை எடுத்துப் பொருத்துவார் என்று அவரோடு வேலை செய்தவர்கள் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் முடிவுகளைப் பதிவுக்கு முன்னால் வைத்தார், மற்றவர் பின்னால் வைத்தார். வாசிப்பு நடக்கும் அந்த நேரத்தில் இருவருமே யாரையும் முடிவெடுக்க விடவில்லை. நான் வேலையை அடுக்கும் விதம் முழுக்க இந்த ஒரு கவனிப்பின் மேல்தான் நிற்கிறது.

அவர்களுக்கு ஆட்கள் இருந்தார்கள். என் அறையில் மெட்டுப் போடுவது, வாசிப்பது, பதிவு செய்வது, கோப்புகளை அடுக்குவது எல்லாம் நான்தான். ஆளால் பிரிக்க முடியாததை நாளால் பிரித்துக்கொண்டேன். ஒலி சேர்க்கும் நாளில் மெட்டுப் போடுவதில்லை. மெட்டுப் போடும் நாளில் மிக்ஸிங்கைத் தொடுவதில்லை. கேட்பதற்குக் கட்டுப்பெட்டித்தனமாக இருக்கும். இந்தக் கட்டுப்பாடு வந்த பிறகுதான் என் பாட்டுகள் முடியத் தொடங்கின.

ஒலி சேர்க்கும் நாட்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. கையில் ரெக்கார்டரோடு செல்லூர்ப் பக்கம் போனால் தறிச்சத்தம் கிடைக்கும். அதில் ஒரு நடை இருக்கிறது, கொஞ்சம் தள்ளாடும், மறுபடி நேராகும். மாட்டுத்தாவணியில் கண்டக்டர்கள் ஊர்ப்பெயரை இழுத்துக் கூவுவது. சித்திரையில் அழகர் வரும் வழியெல்லாம் வர்ணிப்புப் பாடுகிறவர்களின் குரல், ஆடுகிறவர்களின் சலங்கை. தப்பு பதிவு செய்யும்போது தோலைத் தீயில் காய்ச்சியவுடன் ஒருமுறை, கொஞ்சம் தளர்ந்த பிறகு ஒருமுறை என்று இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். சூடாக இருக்கும்போது சத்தம் வெடிக்கும். தளர்ந்ததில் அடிநாதம் கூடும். இரண்டும் இரண்டு கருவி என்றே சொல்லலாம்.

வீட்டுக்கு வந்ததும் பெயரிட வேண்டும். இதில் நான் பிடிவாதக்காரன். 'புதிய பதிவு 14' என்று ஒரு கோப்பு கிடந்தால் அது இல்லாததற்குச் சமம். இடம், கருவி, கட்டை, நடை என்ற வரிசையில் பெயர் வைக்கிறேன். மேளக்காரர்களிடம் 'டி ஷார்ப்' என்று சொன்னால் ஒரு நொடி யோசிப்பார்கள். இரண்டரைக் கட்டை என்றால் உடனே சுருதி பிடிப்பார்கள். எனக்கும் கட்டைக் கணக்குத்தான் காதில் முதலில் வருகிறது. அதனால் என் நூலகத்தில் ஒன்று சி, இரண்டு டி, நாலு எஃப், ஐந்து ஜி என்று எல்லாமே கட்டையில் இருக்கிறது. பாரி நாயனம் தனி ஃபோல்டர், திமிரி தனி. மெட்டு வந்த நேரத்தில் விரல் தானாக அந்த இடத்துக்குப் போக வேண்டும், சமையல்கட்டில் அம்மாவின் கை அஞ்சறைப் பெட்டிக்குப் போகிற மாதிரி.

அதே நாளில் கழிக்கவும் செய்கிறேன். பத்துக் கிக் போதும். 1982-இல் பம்பாயின் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். ரோலண்டின் மூன்று கருவிகள்தான்: டிஆர்-808, டிபி-303, ஜூபிட்டர்-8. அன்று யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 2010-இல் மறுபதிப்பு வந்தபோது, சிகாகோவில் ஆசிட் ஹவுஸ் பிறப்பதற்கு முன்பே இந்த ஒலி எப்படி வந்தது என்று மேற்கில் வியந்து பேசினார்கள். அந்தத் தட்டைக் கேட்கும்போது தேர்வுகள் குறைவாக இருந்தது எவ்வளவு பெரிய பலம் என்று எனக்குத் தோன்றும். அவர் நேரம் முழுக்க ராகத்துக்குப் போயிருக்கிறது.

அடுத்தது டெம்ப்ளேட். புது ப்ராஜெக்டைத் திறந்ததும் ஏபிள்டன் லைவ் 120 வேகத்தில் நாலெண்ணிக்கையோடு நிற்கும். நாம் ஒன்றும் சொல்வதற்கு முன்பே மென்பொருள் ஒரு முடிவெடுத்துவிட்டது. நம் பக்கத்துத் தப்படியும் கும்மியும் பெரும்பாலும் திஸ்ரத்தில் புரள்பவை. அந்த நாலெண்ணிக்கையில் உட்கார்ந்து தொடங்கினால் அரைமணி நேரத்தில் எல்லாமே ஒரு மாதிரி ஆகிவிடும். எனவே சதுஸ்ரம், திஸ்ரம், மிஸ்ரம் என மூன்று டெம்ப்ளேட் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் தம்புரா ஓடிக்கொண்டிருக்கும், தப்பு ஒரு டிராக், உருமி ஒரு டிராக், பேஸ், ஒரு பேட், குரலுக்கு மைக் தயாராக. திறந்தவுடன் வாசிக்கலாம்.

ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலே விரல் இறுகிப்போகிறவர்கள் உண்டு. நானும் அந்த வகை. 2018-இல் வந்த லைவ் 10-இல் 'கேப்சர்' என்ற வசதி சேர்ந்தது. பதிவு போடாமல் வாசித்ததையும் அது பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்துவிடும். க்யூபேஸிலும் லாஜிக்கிலும் இதே வேலைக்கு வழி இருக்கிறது. இது மிடிக்கு. குரலுக்கும் தோல்கருவிக்கும் நான் ஆரம்பம் முதல் கடைசிவரை பதிவை ஓட விடுகிறேன். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோவில் ஒரு மணி நேரம் பதிவானால் ஏறக்குறைய ஒரு ஜிபிதான். காந்த நாடா காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத மலிவு. வாசிப்பவர் 'சும்மா தட்டிப் பார்க்கிறேன்' என்று தட்டுவதில்தான் பலமுறை பாட்டே இருக்கிறது.

தப்பு அடிப்பவரிடம் கிளிக் கொடுத்து அதோடு ஓடச் சொல்வதையும் நிறுத்திவிட்டேன். உச்சத்துக்குப் போகும்போது அவர் வேகம் ஏறும், அது அந்த அடியின் உயிர். அவரை விட்டுவிட்டு, பிறகு மென்பொருளின் கட்டங்களை அவர் அடிக்கு இழுத்துப் பொருத்துகிறேன். வேலை கூடுதல்தான். அது வேறொரு நாளின் வேலை.

பதிவு செய்யும்போது பஃபர் 128-இல் இருக்க வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸில் அது மூன்று மில்லி விநாடிக்கும் குறைவு. மிக்ஸிங்குக்காக 1024 வைத்துவிட்டு அப்படியே மறந்தால் இருபது மில்லி விநாடிக்கு மேல் போகும். ஹெட்போனில் தன் அடி பிந்தி வந்தால் எந்த நல்ல கலைஞரும் தடுமாறுவார். அதனால் பதிவு நாளுக்கு முன்தினம் கனமான டிராக்குகளை ஃப்ரீஸ் செய்து வைத்துவிடுகிறேன்.

ஊர் கொடுக்கும் நேரத்தையும் சேர்த்துத்தான் திட்டமிட வேண்டும். மதுரையில் ஆடி, சித்திரை, பொங்கல் மட்டுமில்லை, எந்த வாரத்திலும் ஏதோ ஒரு தெருவில் குழாய் கட்டியிருப்பார்கள். அந்தப் பாட்டுகளில் என் பாட்டும் இருக்கலாம். குறை சொல்லவில்லை, அந்தச் சத்தத்தில்தான் என் காது வளர்ந்தது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. குரல் பதிவுக்கு எனக்குக் கிடைக்கும் நம்பகமான வேளை அதுதான். கோடையில் ஏசியை நிறுத்திவிட்டுப் பாட வைக்க வேண்டும். பாடுகிறவர் வியர்த்துப்போய்ப் பதினைந்து நிமிடத்தில் களைத்துவிடுவார். எனவே முன்கூட்டியே அறையை நன்றாகக் குளிரவைத்து, மைக் உயரம், ஹெட்போன் அளவு எல்லாம் சரிபார்த்து, ஏசியை நிறுத்தியதும் முதல் டேக். கரண்ட் போனால் யுபிஎஸ் தாங்கும் சில நிமிடம் சேமித்துவிட்டு நிறுத்தத்தான். 2012-இல் சென்னைக்கு வெளியே மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த நாட்களில் வேலை கற்றவர்களுக்கு சேவ் பட்டன் அனிச்சையாகவே வரும்.

எல்லாம் சரியாக இருந்தும் பாட்டு சாகும் ஓர் இடம் இருக்கிறது. எட்டு பார் லூப். நன்றாக அமைந்துவிட்டது, சுற்ற விடுகிறோம், மேலே ஒன்று சேர்க்கிறோம், இன்னொன்று சேர்க்கிறோம். அரைமணி நேரத்தில் காது அதை வீடாக்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு எந்தச் சரணம் போட்டாலும் அந்நியமாகக் கேட்கும். கணினித் திரையும் இதற்குத் துணை போகிறது. லூப் என்பது அதில் ஒரு கட்டம், கட்டம் அழகாக நிறைந்திருக்கும்.

நையாண்டி மேளத்தைக் கவனியுங்கள். கரகம் ஆடுகிறவரின் காலைப் பார்த்துத் தவில் மாறும், தவிலைப் பார்த்து பம்பை மாறும், நாயனம் ஒரு வரியைப் பிடித்து இழுத்துத் தீர்மானத்தில் கொண்டுவந்து விடும். ஒரே அடி நீண்ட நேரம் போனாலும் அது எங்கோ போய்க்கொண்டிருக்கும். அவர்கள் கையில் பாட்டின் நீளம் எப்போதும் இருக்கிறது. நான் செய்வது அதன் சின்ன வடிவம். லூப் கிடைத்த உடனே, அழகு பார்க்காமல், நாலு நிமிடத்துக்கு அதை விரித்துவிடுகிறேன். பிறகு எழுந்து நின்று, பாட்டை ஓடவிட்டு, டிராக்குகளைக் கையாலேயே அடைத்தும் திறந்தும் ஒருமுறை முழுக்க வாசிக்கிறேன். எங்கே தப்பு மட்டும், எங்கே எல்லாம் நிற்க வேண்டும், எங்கே குரல் என்பதை உடம்பு சொல்லிவிடும். ஒல்லியான எலும்புக்கூடுதான், ஆனால் தலையிலிருந்து கால்வரை இருக்கும். முதல் அமர்விலேயே இது முடிந்தாக வேண்டும்.

திருவிழாப் பாட்டுக்கு ஆர்டர் கொடுத்தவர்கள் பின்னால் வந்து உட்கார்வார்கள். "தம்பி, இதுல அடி பத்தாது, குத்து ஏத்துங்க." "ஏத்திரலாம்ணே, எழுதிக்கிறேன்." உண்மையாகவே எழுதிக்கொள்கிறேன், ஒரு நோட்டில். அந்த நேரத்தில் கிக்கின் அளவைத் தொட்டால் குரல் சிறுத்ததாகத் தெரியும், குரலைத் தொட்டால் நாயனம், இப்படியே இரவு போய்விடும். நோட்டில் இருப்பதை மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்தால் பாதி நியாயமான திருத்தமாக இருக்கும். அவர்கள் காது சொல்வதில் பெரும்பாலும் ஓர் உண்மை இருக்கிறது. திறந்தவெளியில், குழாயில், கூட்டத்துக்கு நடுவே கேட்கப்போகிற பாட்டு அது. அவர்களுக்கு அது தெரியும்.

ஒரு கட்டத்தில் மிடியை ஆடியோவாக மாற்றி, மூலத்தை மறைத்துவிடுவதும் என் வழக்கம். திரும்பிப்போய் ஒலியை மாற்றும் வாய்ப்பு திறந்தே இருந்தால் மனசு முன்னே போகாது. இன்னொரு பலனும் உண்டு: ப்ளக்-இன் பதிப்பு மாறினாலும், கணினி மாறினாலும், ஆடியோ கோப்பு அப்படியே ஒலிக்கும். அம்மன் கோயில் பாட்டை அடுத்த வருஷம் 'அதே மாதிரி, பெயர் மட்டும் மாத்தி' என்று கேட்டு வருகிறவர்களுக்கு அன்றே கொடுக்க முடிகிறது.

வேலையை நிறுத்தும்போது, அடுத்து என்ன செய்வது என்று தெரிந்திருக்கும் இடத்தில் நிறுத்துகிறேன். ப்ராஜெக்டுக்குள்ளேயே ஒரு வெற்று டிராக்கின் பெயராக அதை எழுதிவிடுவேன்: 'சரணம் 2, உருமி மட்டும், நாயனம் வேண்டாம்.' மறுநாள் கேட்டுப் பார்த்துச் சூடேற வேண்டியதில்லை, நேராக உருமிதான்.

முடியாதவை சேர்ந்துகொண்டேதான் இருக்கும். அவற்றை எலும்புக்கூடு நிலையிலேயே எம்பி3 ஆக்கி மொபைலில் ஒரு ஃபோல்டரில் போட்டுவிடுகிறேன். மாட்டுத்தாவணியிலிருந்து மேலூருக்கோ, ஆரப்பாளையத்திலிருந்து உசிலம்பட்டிக்கோ போகும்போது பஸ்ஸில் கேட்பேன். அறையில் உட்கார்ந்து கேட்டால் கை திருத்தப் போகும். பஸ்ஸில் கேட்க மட்டும்தான் முடியும். இறங்கி நடக்கும்போது எது வாயில் முணுமுணுப்பாக வருகிறதோ அதைத்தான் அடுத்த முறை திறக்கிறேன். மற்றவற்றை அழிப்பதில்லை. கட்டையும் நடையும் பெயரில் இருப்பதால், வேறு பாட்டுக்கு ஓர் இடையிசை தேவைப்படும்போது அவற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.