மச்சத்திலிருந்து மனிதனுக்கு ஏணி வேண்டாம்

யானைக்கவுனி,
சென்னை.

அன்புள்ள தம்பிக்கு,

உன் கைப்பிரதி வந்து சேர்ந்தது. ஒரே மூச்சில் படித்துவிட்டேன். எண்ணூர், திருவொற்றியூர்ப் பிள்ளைகளுக்குப் பரிணாமத்தைக் கதைபோலச் சொல்ல வேண்டும் என்று நீ பேனாவை எடுத்ததே எனக்குப் பெருமை. 2023-இல் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து இந்தப் பாடத்தை எடுத்தபோது 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு ஆட்சேபித்தார்கள். நம் மாநிலப் பாடநூலில் பாடம் இருக்கிறது என்றாலும், மதிப்பெண்ணுக்காகப் படிப்பது மனதில் தங்குவதில்லை. உன் புத்தகம் தங்கும்.

ஆனால் நான்காம் அத்தியாயத்தை மட்டும் இப்படியே அச்சுக்கு அனுப்பிவிடாதே. தசாவதாரத்தை வரிசையாக வரைந்து, மீன், ஆமை, பன்றி, பாதி மனிதன், குள்ளன், முழு மனிதன் என்று அம்புக்குறி போட்டு, 'டார்வினுக்கு முன்பே நம் முன்னோர் சொன்னது' என்று எழுதியிருக்கிறாய். பிள்ளைகளுக்குத் தெரிந்ததிலிருந்து தெரியாததற்குக் கூட்டிப்போக நினைத்திருக்கிறாய் என்று புரிகிறது. அப்படிச் செய்யும்போது பரிணாமமும் தப்பாகப் போய்ச் சேரும், புராணமும் தப்பாகப் போய்ச் சேரும்.

முதலில் உயிர்களைப் பார். பங்குனி ஆமை நம் கரைக்கு முட்டையிட வருகிறதே, அது பன்றிக்குப் பாட்டி இல்லை. ஆமை வந்த வழியும் பன்றி வந்த வழியும் பிரிந்து 30 கோடி ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. எண்ணூர் முகத்துவாரத்தில் தண்ணீர் வடியும் நேரம் சேற்றில் தத்தித் தத்தி ஏறும் மீன் இருக்கிறது. முன் துடுப்பை ஊன்றி, கண்ணை மேலே தூக்கி, ஈரத்தோலால் மூச்சுவிட்டுக்கொண்டு கிடக்கும். அதைக் காட்டினால் பிள்ளைகள் உடனே 'நம்ம தாத்தா' என்பார்கள். அது நமக்குத் தூரத்துப் பங்காளி. நாம் நிலத்துக்கு வந்தது வேறு கிளை வழியாக, வெகு காலம் முன்பு. அந்த மீன் மனிதனாகப் போகிற வழியில் பாதியில் நின்றுபோனது அல்ல, தன் சேற்றுக்குத் தக்கபடி முழுமையாக இருக்கிறது. ஏணிப் படத்தில் இதைச் சொல்லவே முடியாது. ஏணி என்றால் மேல்படியில் நாம், கீழே மற்றதெல்லாம் என்றுதான் பிள்ளை மனதில் பதியும்.

இனி புராணம். பாகவதத்தின் முதல் ஸ்கந்தத்தை எடுத்துப் பார். அங்கே அவதாரங்கள் 22. வராகம் இரண்டாவது, மச்சம் பத்தாவது. மீனுக்கு முன்பே பன்றி வந்துவிடுகிறது, நாரதரும் கபிலரும்கூட வந்துவிடுகிறார்கள். பத்து என்ற வரிசையிலும் ஒருவர் பலராமரைச் சேர்ப்பார், இன்னொருவர் புத்தரைச் சேர்ப்பார். டார்வின் புத்தகம் 1859-இல் வந்தது. அவதாரங்களைப் பரிணாமத்தோடு பொருத்திக்காட்டி பிளாவட்ஸ்கி அம்மையார் எழுதியது 1877-இல். அவருடைய பிரம்மஞான சபை 1882-இல் அடையாறுக்கு வந்தது. டார்வினைப் படித்த பிறகு திரும்பிப் பார்த்தபோதுதான் இந்தப் பொருத்தம் கண்ணில் பட்டது.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது வேறு. அந்த மீன் கதைக்கே ஒரு வம்சாவளி இருக்கிறது, அதை நீ எழுதாமல் விட்டுவிட்டாய். சதபத பிராமணத்தில் மனுவின் கைக்கு வந்து, பின்னால் வெள்ளத்தில் அவன் படகை இழுத்துச் செல்வது வெறும் மீன், அதற்குத் தெய்வப்பெயர் கிடையாது. மகாபாரத வனபர்வத்தில் அதே மீன் தன்னைப் பிரம்மா என்கிறது. மச்ச புராணத்தில் அது திருமால் ஆகிறது. பாகவதத்தின் எட்டாம் ஸ்கந்தத்துக்கு வந்தால், மீனைக் கையில் ஏந்துகிறவன் திராவிட நாட்டு அரசன் சத்தியவிரதன், ஆறு கிருதமாலா. மதுரைப் பக்கத்து ஆறு! கதை சொல்பவர்கள் மாற மாற, வெள்ளமும் படகும் அப்படியே நிற்கின்றன, தெய்வமும் ஊரும் மாறுகின்றன. எது அப்படியே வந்தது, எது மாறியது, எந்த ஊரில் எந்த மாற்றம் பிழைத்தது என்று கேட்பதுதான் பரிணாமத்தைப் படிக்கும் முறை. இங்கிலாந்தில் ஜேமி டெஹ்ரானி என்ற ஆய்வாளர் உயிரியலாளர்களின் கிளைமரக் கணக்கை அப்படியே எடுத்து, சிவப்புத் தொப்பிச் சிறுமி கதையின் 58 வடிவங்களுக்குப் போட்டு 2013-இல் வெளியிட்டார்.

இதே மாதிரி நம் தெருவிலேயே ஒன்று நடக்கிறது. புரட்டாசியில் பூக்கடை சென்னகேசவர் கோயிலிலிருந்து புறப்படும் திருப்பதிக் குடைகள் யானைக்கவுனி தாண்டும் நேரத்துக்கு வால்டாக்ஸ் சாலையில் நிற்க இடம் இருக்காது. கூட்டத்தில் 'கோவிந்தா' என்ற குரல் எழும்போது வெள்ளைக் குடைகள் ஆடி ஆடி வரும். பெருமாள் குபேரனிடம் வாங்கிய கடனோடு இதைச் சேர்த்துச் சொல்பவர்கள் உண்டு; ஒருவர் சொல்கிற மாதிரி இன்னொருவர் சொல்வதில்லை. கடன் கதை திருமலைக்கு உரியது. கவுனியோ 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கறுப்பர் நகரத்தைச் சுற்றி எழுப்பிய மதிலின் வாசல். பழைய சென்னகேசவர் கோயிலை அவர்கள் இடித்த பிறகு பூக்கடைக் கோயில் கட்டப்பட்டதும் அதே நூற்றாண்டில்தான். ஆகவே கவுனி தாண்டும் பகுதி அந்த மதிலைவிடப் பழையதாக இருக்க முடியாது. இப்போது அங்கே மதிலும் இல்லை, வாசலும் இல்லை, தாண்டுவது மட்டும் நடக்கிறது. பாறைக்குள் சிக்கிய எலும்பைப்போல ஒரு நகரத்தின் மதில் ஒரு சடங்குக்குள் கிடக்கிறது, தம்பி. இதை எழுது. பக்தி உள்ள வீட்டுப் பிள்ளையும் சந்தோஷமாகப் படிக்கும்.

சிங்காரவேலரை நீ மேற்கோள் காட்டப் போவதாகச் சொன்னாய், நல்லது. 1930-களில் 'குடி அரசு' இதழில் அவர் எழுதியதைப்போல, உழைக்கிற ஜனங்களை மதித்து அவர்களுக்கு அறிவியலைச் சொன்னவர்கள் குறைவு. புராணத்தை மூடநம்பிக்கை என்று அவர் ஒதுக்கியதில் மட்டும் எனக்குப் பாதி உடன்பாடுதான். நா. வானமாமலையும் மார்க்சியர்தான், ஆனால் கதையை ஒதுக்காமல் உள்ளே போய்ப் பார்த்தார். முத்துப்பட்டன் கதையில் பட்டன் மணந்த சக்கிலியப் பெண்கள் பிறப்பால் பிராமணர் என்று பின்னால் ஒட்டவைத்ததை எடுத்துக்காட்டினார். எந்த வடிவம் யாருக்கு வசதியாக இருந்தது என்று கேட்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

ஏணிப் படத்தை எடுத்தால் பக்கம் காலியாகுமே என்று யோசிக்காதே. அங்கே கொசஸ்தலை ஆற்றை வரையச் சொல். அது எண்ணூரில்தானே கடலைத் தொடுகிறது. அதே ஆற்றுப் படுகையில் மேலே போனால் அதிரம்பாக்கம். 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கைக்கோடரி கண்ட இடம். சாந்தி பாப்புவும் அவர் குழுவும் அங்கே தோண்டி எடுத்த கருவிகளில் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டு முந்தியவை என்று 2011-இல் அறிவித்தார்கள். நம் இனம் உலகில் தோன்றியே 3 லட்சம் ஆண்டு சொச்சம்தான். அப்படியானால் அதைச் செய்த கை நம் இனத்தின் கை இல்லை! அவர்கள் எலும்பு அங்கே கிடைக்கவில்லை, கல் மட்டும் கிடைத்திருக்கிறது. கையில் அடங்குகிற கல், இரண்டு பக்கமும் செதுக்கி, ஓரம் கூராக. எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஃபூட் சேகரித்த கருவிகள் இருக்கின்றன. படம் வரைகிற பெண்ணை ஒரு நாள் அங்கே கூட்டிக்கொண்டு போ, நானும் வருகிறேன்.

திருத்திய அத்தியாயத்தைத் தாளில் எடுத்து அனுப்பு. ஓரத்தில் நிறைய இடம் விடு, எனக்கு எழுத வேண்டியது இருக்கும். மீன் கதையை முதலில் எழுது, கவுனியை அதற்கு அடுத்து வை.

அன்புடன்,
அக்கா