பரிதாபமும் வேண்டும், பதிலும் வேண்டும்



ஒன்பது வயது என்பது நான்காம் வகுப்பு. வாழ்நாளின் பெரும்பகுதியை வகுப்பறையில் கழித்த எனக்கு அந்த வயதை நன்றாகத் தெரியும். ஸ்கேலைத் தொலைத்துவிட்டு, வீட்டில் அடி விழுமே என்று தேம்பும் வயது அது. பெரியவர்கள் சொன்னதற்கு மறுபேச்சு உண்டு என்பதே தெரியாத வயது. ஏறக்குறைய அந்த வயதில்தான், 1980-களின் பிற்பகுதியில், வட உகாண்டாவில் பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோன டொமினிக் ஓங்வென் என்ற சிறுவனை ஓர் ஆயுதக் குழு பிடித்துக்கொண்டு போனது. ஜோசப் கோனி தலைமையிலான ‘லார்ட்ஸ் ரெசிஸ்டன்ஸ் ஆர்மி’ அது.

அதே ஓங்வென் வளர்ந்து அந்தப் படையில் ஒரு பிரிவுக்கே தளபதியானார். 2021 பிப்ரவரி 4 அன்று, ஹேக் நகரில் உள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் அவர்மீது 61 குற்றங்கள் நிரூபணமானதாகத் தீர்ப்பளித்தது. கொலை, சித்திரவதை, பெண்களைக் கட்டாய மனைவிகளாக்கியது, பதினைந்து வயதுகூட ஆகாத பிள்ளைகளைப் படையில் சேர்த்தது எல்லாம் அதில் அடக்கம். தனக்கு நடந்ததையே அவர் அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் செய்திருந்தார்.

இவரை என்ன செய்வது? பாவம், சின்ன வயதில் கெடுத்துவிட்டார்கள் என்று விட்டுவிடுவதா? செய்ததற்கு அனுபவிக்கட்டும் என்று சிறையில் அடைப்பதா? உகாண்டா நமக்குத் தூரம்தான். ஆனால் இந்தக் கேள்வியைப் பொறுமையாக யோசித்துப் பார்த்தவர்கள், தங்களைச் சுற்றியுள்ள மனிதர்களையும் நியாயமாக எடைபோடக் கற்றுக்கொள்வார்கள். அதனால்தான், பிள்ளைகளே, உங்களிடம் இதைப் பேசுகிறேன்.

பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளை அந்தப் படை எப்படிப் பழக்கியது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தப்பியோடி மாட்டிக்கொண்ட பிள்ளையை மற்றப் பிள்ளைகளைக் கொண்டே அடித்துக் கொல்ல வைப்பார்கள். மறுப்பவனுக்கும் அதே கதி. பயமுறுத்துவது மட்டும் அதன் நோக்கமல்ல. கையில் ரத்தம் பட்டுவிட்டது, இனி ஊர் நம்மைச் சேர்த்துக்கொள்ளாது என்று அந்தப் பிள்ளையே நம்பிவிட வேண்டும். அப்புறம் காவலுக்கு ஆள் தேவையில்லை. இப்படிக் கொண்டுபோகப்பட்ட பிள்ளைகள் 20,000-க்கும் அதிகம் என்று மதிப்பிடுகிறார்கள். 2000-களின் தொடக்கத்தில், கிராமத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பொழுது சாயும்போதே புறப்பட்டு குலு நகரத்துக்கு நடந்து வருவார்கள். தேவாலயத்திலும் ஆஸ்பத்திரி வளாகத்திலும் படுத்துவிட்டு, விடிந்ததும் ஊருக்குத் திரும்புவார்கள். சொந்த வீட்டில் தூங்கினால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம்.

இந்தச் சூழலில்தான் 2000-ஆம் ஆண்டு உகாண்டா பொது மன்னிப்புச் சட்டம் கொண்டுவந்தது. அதற்காக முன்னின்று வாதாடியவர்கள், போரில் அதிகம் அடிபட்ட அச்சோலி மக்களின் பெரியவர்களும் மதத் தலைவர்களும்தான். காட்டில் துப்பாக்கியோடு திரிபவர்கள் நம் பிள்ளைகள், திரும்பி வந்தால் தூக்குக்கயிறு என்றால் யார் வருவார்கள் என்பது அவர்கள் வாதம். ஆயுதத்தைக் கீழே வைத்து, கிளர்ச்சியைக் கைவிட்டேன் என்று கையெழுத்திட்டால் வழக்கு இல்லை. 26,000-க்கும் மேற்பட்டவர்கள் இந்தச் சட்டத்தால் மன்னிப்புப் பெற்றார்கள். பிள்ளையை உயிரோடு மீட்பதே முதல் வேலை என்று நினைத்த அந்தப் பெரியவர்களுக்கு நான் தலைவணங்குகிறேன். பதினான்கு வயதில் தப்பி வந்த ஒரு பையனைக் கூண்டில் ஏற்றுவதால் யாருக்கும் எந்த நியாயமும் கிடைத்துவிடாது.

ஆனால் அந்த மன்னிப்பில் ஒரு குறை இருந்தது. திரும்பி வந்தவர்களுக்குக் கொஞ்சம் பணமும் மெத்தையும் பாத்திரமும் மண்வெட்டியும் விதையும் கொடுத்தார்கள். அதே ஊரில், அதே படையிடம் உதடும் காதும் அறுபட்டு, இடம்பெயர்ந்தோர் முகாமில் ஒண்டிக் கிடந்தவர்களுக்கு அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. கையெழுத்துப் போட வந்தவரிடம், நீ என்ன செய்தாய் என்று சட்டம் கேட்கவும் இல்லை. அடிபட்டவரைக் கேட்காமல் அரசாங்கம் கொடுக்கும் மன்னிப்பு, வழக்கைத்தான் முடிக்கும். மனத்தாங்கல் அப்படியே இருக்கும்.

அச்சோலிகளின் சொந்த வழக்கம் இதைவிடக் கண்டிப்பானது. நெடுநாள் வெளியே இருந்து திரும்புபவர் வீட்டு வாசலில் வைத்த பச்சை முட்டையை மிதித்து உடைத்துவிட்டு உள்ளே வர வேண்டும். பக்கத்தில் ஒரு பச்சைக் கிளையும், தானியக் குதிரின் மூடியை உயர்த்தும் கோலும் கிடக்கும். முட்டையும் கிளையும் தீட்டுக் கழிய. கோல், இனி நீ எங்களோடு ஒரே குதிரிலிருந்து சாப்பிடலாம் என்று சொல்ல. இது வீட்டுக்குள் வருவதற்கான சடங்குதான். கொலை நடந்திருந்தால் இது போதாது. அதற்கு ‘மாதோ ஓபுத்’ என்று வேறொரு சடங்கு உண்டு. கொன்றவர் தரப்பு குற்றத்தை ஒப்புக்கொண்டு, நடந்ததை நடந்தபடி சொல்லி, இழப்பீடு கொடுத்த பிறகுதான் இரு குடும்பத்தாரும் ஒரே சுரைக்குடுவையிலிருந்து கசப்பு வேர்ச் சாற்றைக் குடிப்பார்கள். உண்மை, ஈடு, அதன் பிறகு உறவு. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதில் முதல் இரண்டையும் தாண்டி மூன்றாவதுக்குப் போக அங்கே வழியில்லை.

இனி ஓங்வென் வழக்குக்கு வருவோம். பதினெட்டு வயதுக்குள் செய்த குற்றத்தை அந்த நீதிமன்றம் விசாரிக்கவே முடியாது. அதன் சட்டம் அப்படி. ஆகவே சிறுவனாக அவர் செய்ய வைக்கப்பட்ட எதுவும் கணக்கில் வரவில்லை. விசாரித்தது 2002 முதல் 2005 வரை நடந்தவற்றை. அப்போது அவர் இருபதுகளில் இருந்த தளபதி. லுகோடி, ஓடெக், பஜுலே, அபோக் என்ற இடம்பெயர்ந்தோர் முகாம்கள் தாக்கப்பட்டது அந்தக் காலத்தில்தான். உயிருக்குப் பயந்து செய்தேன், மனநிலை சரியில்லை என்ற இரு வாதங்களையும் நீதிபதிகள் ஏற்கவில்லை. அவரைப் போலவே கடத்தப்பட்டவர்களில் பலர் தப்பி வந்திருந்தார்கள். அவருக்கும் வாய்ப்பு இருந்தது. அவரோ படையிலேயே இருந்து பதவி உயர்ந்தார்.

தண்டனை என்று வந்தபோது, பாதிக்கப்பட்டவர்களின் வழக்கறிஞர்கள் ஆயுள் தண்டனை கேட்டார்கள். நீதிமன்றம் விதித்தது 25 ஆண்டு. பள்ளிக்குப் போகும் வழியில் பறிபோன அந்தக் குழந்தைப் பருவத்தை மனதில் வைத்தே ஆயுள் தண்டனையைத் தவிர்த்தோம் என்று நீதிபதிகள் சொன்னார்கள். 2022 டிசம்பரில் மேல்முறையீட்டிலும் அது உறுதியானது. 2024-இல், சுமார் 50,000 பேருக்கு இழப்பீடு தரவேண்டும் என்ற ஆணையும் வந்தது. உகாண்டாவின் சொந்த நீதிமன்றமும் ஏறக்குறைய அதே பாதையில்தான் போனது. சிறுவயதில் கடத்தப்பட்டுப் பின்னர் தளபதியான தாமஸ் குவோயெலோ மன்னிப்புக் கேட்டு மனுப் போட்டார், கிடைக்கவில்லை. 2024 அக்டோபரில் அவருக்கு 40 ஆண்டு சிறை. மரண தண்டனை விதிக்காததற்கு, அவர் சிறுவயதில் கடத்தப்பட்டதையும் ஒரு காரணமாக நீதிபதிகள் சொன்னார்கள்.

இது சரியா என்று கேட்டால், சரி என்பதே என் முடிவு. ஒன்பது வயதில் காட்டுக்குள் போனவனுக்குப் பதினெட்டாவது பிறந்தநாளில் திடீரென்று புத்தி தெளிந்துவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். தெளியாதுதான். அந்தக் கேள்வி என்னையும் உறுத்துகிறது. அதனால்தான் தண்டனையின் அளவில் அந்தச் சிறுவனுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்கிறேன். ஆனால் குற்றமே இல்லை என்று சொல்லிவிட்டால், லுகோடியில் செத்தவர்களை யாருமே கொல்லவில்லை என்றாகிவிடும். அவரிடம் மாட்டிக்கொண்ட சிறுமிகளும் அவரைப் போலவே பறிக்கப்பட்ட பிள்ளைகள்தானே? அவர்களுக்கு யார் பதில் சொல்வது?

இன்னொன்று. பிள்ளையைத் தண்டிப்பதா என்று விவாதிக்கும் நாம், பிள்ளையைப் பிடித்தவனை மறந்துவிடுகிறோம். சியரா லியோனில் போர் முடிந்து அமைந்த சிறப்பு நீதிமன்றத்துக்குப் பதினைந்து வயதானவர்களை விசாரிக்க அதிகாரம் இருந்தது. ஆனால் அந்த நீதிமன்றத்தின் வழக்குத்தொடுநர் டேவிட் கிரேன், சிறுவர்கள்மீது வழக்குப் போடமாட்டேன் என்று அறிவித்துவிட்டு, சிறுவர்களை ஏவியவர்களைப் பிடித்தார். நம்மவர்களுக்கும் இது அந்நியமான கதையல்ல. ஈழப் போரில் பிள்ளைகள் படையில் சேர்க்கப்பட்டது ஐ.நா. அறிக்கைகளில் பதிவாகியிருக்கிறது. 2009-இல் போர் முடிந்தபோது பிடிபட்ட, சரணடைந்த ஏறத்தாழ 600 சிறார்கள், கூண்டில் ஏற்றப்படாமல் மறுவாழ்வு முகாம்களுக்குப் போய், பிறகு வீடு திரும்பினார்கள். அது நல்ல முடிவு. ஆனால் அவர்களைச் சேர்த்தவர்களில் எவரும் அதற்காக நீதிமன்றத்தில் பதில் சொல்லவில்லை. கோனியும் இதுவரை பிடிபடவில்லை. பிடித்தவனை விட்டுவிட்டுப் பிடிபட்டவனை மட்டும் விசாரிப்பது அரை நியாயம்.

பிள்ளைகளே, இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான். ஒருவரைப் பற்றி முடிவு கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். அப்போது அவருக்கு என்ன வயது? மாறி நடக்க அவருக்கு வழி இருந்ததா? வழி கிடைத்தபிறகு என்ன செய்தார்? முதல் இரண்டு கேள்விகள் உங்களுக்குள் இரக்கத்தைக் கொண்டுவரும். மூன்றாவது கேள்வி, அந்த இரக்கத்தை யாரும் ஏமாற்றாமல் பார்த்துக்கொள்ளும். மன்னிப்பதைப் பற்றிப் பேச வரும்போதும், அது உங்களுடைய மன்னிப்புதானா என்று பாருங்கள். அடிபட்டவர் ஒருவர் இருக்கும்போது அவர் சார்பில் பெருந்தன்மை காட்ட நமக்கு உரிமை இல்லை.

உங்களுக்கே அநியாயம் நடந்திருந்தால், அப்பன் அடித்திருந்தால், சீனியர்கள் ராகிங் செய்திருந்தால், அதைச் சொல்லுங்கள். வாய்விட்டு அழுங்கள், நியாயம் கேளுங்கள். கேட்பதற்கு நாங்கள் இருக்கிறோம். ஆனால் உங்களுக்குக் கீழே ஒருவர் வந்து நிற்கும் நாளில் அதே அடியை அவருக்குக் கொடுக்காதீர்கள். ஓங்வெனைப் போலவே கடத்தப்பட்டு, வாய்ப்புக் கிடைத்ததும் துப்பாக்கியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்கள் பெயர் எந்தத் தீர்ப்பிலும் இல்லை. அவர்களில் பலர் இன்றும் ஊர்ப்பேச்சைத் தாங்கிக்கொண்டு பயிர் வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். பட்ட கொடுமை தன்னோடு நிற்கட்டும் என்று முடிவெடுக்க மனிதனால் முடியும் என்பதற்கு அவர்களே சாட்சி. உங்களாலும் முடியும்.