புலப்படாத சுமை

நுழையும்முன்

உழைப்பின் சுமையைத் தோளில் தாங்குவோரை உலகம் அறியும். கைப்பேசியை நோக்கிக் குனிந்திருப்போரின் கழுத்து தாங்கும் சுமையோ எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. அச்சுமை யாது, அதனால் வரும் வலியைத் தடுப்பதும் தணிப்பதும் எவ்வாறு என்பவற்றை வடசென்னை உழைப்பாளரின் வாழ்வோடு பொருத்தி விளக்குகிறது இவ்வுரைநடை.

ஊரும் சுமையும்

சென்னை மத்திய நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி நோக்கிச் செல்லும் மின்தொடர் வண்டி, பேசின் பாலத்தைக் கடந்ததும் கொருக்குப்பேட்டையை அடைகிறது. கடற்கரையிலிருந்து இராயபுரம், வண்ணாரப்பேட்டை வழியாக வரும் இருப்புப்பாதையும் இங்கு வந்து இணைகிறது. கிழக்கே துறைமுகம், வடக்கே திருவொற்றியூர், எண்ணூர்த் தொழிற்சாலைகள். இவற்றுக்கிடையே அமைந்த இவ்வூரின் வாழ்வு சரக்கு வண்டிகளோடும் சுமையோடும் பின்னிப் பிணைந்தது. அரிசி மூட்டையை முதுகில் ஏற்றுபவர், காசிமேட்டிலிருந்து மீன்கூடையைத் தலையில் சுமந்து வரும் பெண், தள்ளுவண்டி இழுப்பவர் எனப் பலருக்கும் உடலே முதலீடு.

சரக்கு வண்டி கடந்து செல்லக் கடவின் அருகே காத்து நிற்பது இவ்வூராரின் அன்றாட வழக்கம். முன்பெல்லாம் அவ்வேளையில் பேச்சும் சிரிப்பும் நிறைந்திருக்கும். இன்று காத்திருப்போரில் பலர் தலை கவிழ்ந்து நிற்கின்றனர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறு திரை. தோளில் மூட்டை இல்லாத அந்த இளைஞர்களும் ஒரு சுமையைச் சுமந்துகொண்டுதான் நிற்கின்றனர்.

கழுத்தின் அமைப்பு

மனிதக் கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள் உள்ளன. முதல் எலும்பு தலையைத் தாங்குகிறது. இரண்டாவது எலும்பு தலை இருபுறமும் திரும்ப உதவுகிறது. அதற்கடுத்த எலும்புகளுக்கிடையே மெத்தை போன்ற வட்டுகள் அமைந்து அதிர்ச்சியைத் தாங்குகின்றன. கழுத்துப் பகுதியிலிருந்து பிரியும் எட்டு இணை நரம்புகளுள் கீழ்ப்பகுதியிலுள்ளவை தோளையும் கையையும் இயக்குகின்றன. கழுத்தெலும்புகளின் துளைகள் வழியே மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் தமனிகள் மேலேறுகின்றன. ஒரு சாணுக்கும் குறைந்த நீளத்தில் இத்தனை பொறுப்புகளையும் ஏற்றுள்ள உறுப்பு கழுத்து.

வளர்ந்த மனிதரின் தலை ஏறத்தாழ ஐந்து கிலோ எடையுடையது. தலை நிமிர்ந்திருக்கும்போது அவ்வெடை நேராக முதுகெலும்பின்மீது இறங்குவதால் தசைகளுக்குப் பெரிய வேலையில்லை. தலை முன்னே சாயும்போது நிலை மாறுகிறது. நீட்டிய கோலின் நுனியில் தொங்கும் பொருள் அதிகக் கனமாகத் தோன்றுவதுபோல, சாய்ந்த தலையைப் பிடித்து நிறுத்தப் பின்கழுத்துத் தசைகள் பன்மடங்கு வலிமையோடு இழுக்க வேண்டியுள்ளது.

சாய்வும் எடையும்

நியூயார்க்கைச் சேர்ந்த முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ், 2014ஆம் ஆண்டில் கணினி மாதிரியைக் கொண்டு இவ்விசையைக் கணக்கிட்டு வெளியிட்டார். தலை 15 பாகை சாய்ந்தால் கழுத்தின்மீது ஏறத்தாழ 12 கிலோ அளவிற்கும், 30 பாகையில் 18 கிலோ, 45 பாகையில் 22 கிலோ, 60 பாகையில் 27 கிலோ அளவிற்கும் விசை செயல்படுகிறது என்பது அவர் கணக்கு. அரிசிக் கடையில் வாங்கும் 25 கிலோச் சிப்பத்தைவிட இது சற்று அதிகம்.

இக்கணக்கை அறிந்து அஞ்ச வேண்டியதில்லை. தலை குனிவதற்கு ஏற்பவே கழுத்து படைக்கப்பட்டுள்ளது. குனிந்தாலே நோய் வரும் என்று ஆய்வுகள் உறுதிப்படுத்தவுமில்லை. ஒரே நிலையில் நெடுநேரம் அசையாதிருத்தல், உறக்கக் குறைவு, மனஅழுத்தம், உடலுழைப்பின்மை ஆகியன ஒன்றுசேரும்போதே வலி வேரூன்றுகிறது. உலக அளவில் 2020ஆம் ஆண்டில் ஏறத்தாழ 20 கோடிப் பேர் கழுத்துவலியால் துன்புற்றனர் என மதிப்பிடப்பட்டுள்ளது.

இத்தகைய துன்பம் புதியதும் அன்று. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ இராமாசினி, தொழிலாளர் நோய்கள் குறித்த தம் நூலின் 1713ஆம் ஆண்டுப் பதிப்பில் எழுத்தர்களின் துன்பத்தையும் ஆராய்ந்தார். இடையறாது அமர்ந்திருத்தல், ஒரே வகையான கையசைவு, மனத்தின் களைப்பு ஆகிய மூன்றையும் காரணங்களாகக் காட்டினார். இறகுப் பேனா மறைந்து தொடுதிரை வந்தபின்னும் அக்காரணங்கள் மாறவில்லை.

மறைக்கப்படும் வலி

தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தை 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. கணினியைத் தொட்டறியாத பல வீடுகளுக்கு அது அறிவின் வாயிலைத் திறந்தது. 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது கைப்பேசியே வகுப்பறையாயிற்று. கருவி வீட்டிற்குள் வந்தது. அதனை வைத்துப் படிக்க மேசை வரவில்லை.

கொருக்குப்பேட்டையின் ஓர் அறை வீட்டை எண்ணிப் பார்க்கலாம். சமையல், உறக்கம், படிப்பு அனைத்தும் அந்த ஓரறையில்தான். தந்தை சுமைதூக்கும் தொழிலாளி. பதினொன்றாம் வகுப்பில் பயிலும் மகள், இரவில் தரையில் சம்மணமிட்டு, மடியில் கிடக்கும் கைப்பேசியை நோக்கிக் குனிந்து பாடம் படிக்கிறாள். அவள் கை அடிக்கடி பிடரியைத் தடவுவதைத் தந்தை காண்கிறார்.

“இன்னாம்மா, கழுத்தப் புடிச்சிக்கினே இருக்கே?”

“ஒண்ணுமில்லப்பா.”

மூட்டை சுமந்து காய்த்துப்போன தோளைக் காணும் மகளுக்குத் தன் வலியைச் சொல்ல நா எழுவதில்லை. திரை பார்த்து வந்த நோவை எவ்வாறு வலி என்று கூறுவது என அவள் தயங்குகிறாள். இத்தயக்கம் பொருளற்றது. வலியை யாருடைய வலியோடும் ஒப்பிட்டு அளக்க வேண்டியதில்லை. தொடக்கத்தில் சொல்லப்படும் வலி எளிதில் தணியும். மறைக்கப்படும் வலி உறக்கத்தைக் கெடுத்து, கவனத்தைச் சிதைத்து, இறுதியில் படிப்பையே பாதிக்கும்.

சுமை தூக்குவோர் கற்பிக்கும் பாடம்

அம்மகளுக்கு வேண்டிய பாடம் தந்தையின் தொழிலிலேயே இருக்கிறது. பழகிய தொழிலாளி மூட்டையை உடலோடு ஒட்டியே தூக்குவார்; தள்ளிப் பிடித்தால் கனம் கூடும் என்பதை அவர் அனுபவத்தால் அறிவார். சும்மாட்டின்மேல் கூடை வைத்து நடக்கும் பெண் கழுத்தை நேராக நிறுத்துவார். தோள் மாற்றுவதும், சில நடைகளுக்குப் பின் இளைப்பாறுவதும் அவர்களின் வழக்கம். எனினும், ஆண்டுக்கணக்கில் தலைச்சுமை தூக்குவோரின் கழுத்தெலும்பு விரைந்து தேய்கிறது. ஆகவேதான் வயதுவந்த ஆண் தொழிலாளி ஒருவர் வழக்கமாகச் சுமக்கும் எடை 55 கிலோவை மிஞ்சலாகாது எனப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. திரை தரும் சுமைக்கு அத்தகைய வரம்பை எவரும் விதிக்கவில்லை. பயன்படுத்துவோரே விதித்துக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பொருட்செலவு தேவையில்லை. சுவரில் முதுகைச் சாய்த்து அமரலாம். டிரங்குப் பெட்டியின்மீதோ கவிழ்த்த பாத்திரத்தின்மீதோ புத்தகங்களை அடுக்கி, கைப்பேசியைக் கண்மட்டத்திற்கு அருகில் சாய்த்து வைக்கலாம். கையில் பிடித்தே ஆக வேண்டுமெனில், மடியில் தலையணை வைத்து முழங்கைகளை அதன்மேல் ஊன்றிக்கொள்ளலாம். அரைமணி நேரத்திற்கு ஒருமுறை எழுந்து தண்ணீர் குடிக்கலாம். வாசல்வரை நடந்து வரலாம். படுத்தபடி, கழுத்தை மடக்கித் திரையைப் பார்ப்பதைத் தவிர்த்தல் நன்று. வளரிளம் பருவத்தினர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்கிறது உலக நலவாழ்வு அமைப்பு. கால்பந்தும் குத்துச்சண்டையும் கபடியும் தழைத்த வடசென்னைக்கு இது கடினமன்று.

பயிற்சியும் மருத்துவமும்

வலி தொடங்கிவிட்டால் எளிய பயிற்சிகள் உதவும். நேராக அமர்ந்து, பார்வையை முன்னே நிறுத்தி, மோவாயை மெல்லப் பின்னுக்கு இழுத்து ஐந்து நொடி வைத்திருந்து விட வேண்டும். இரு தோள்பட்டை எலும்புகளையும் பின்னால் ஒன்றையொன்று நோக்கி நெருக்கி, அவ்வாறே விட வேண்டும். இவற்றைப் பத்துப் பத்து முறை செய்யலாம். பின்னர், காது தோளை நோக்கிச் சாயுமாறு தலையை ஒவ்வொரு புறமும் இருபது நொடி சாய்க்கலாம். வலி மிகுந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

வெந்நீர் ஒத்தடம் இறுகிய தசையைத் தளர்த்தும். முற்றிலும் அசையாது படுத்திருப்பதோ, கழுத்துப் பட்டையை நெடுநாள் அணிவதோ தசைகளை மேலும் தளர்வுறச் செய்யும். மருந்துக் கடையில் தாமாக வாங்கி நாள்தோறும் விழுங்கும் வலிநீக்கி மாத்திரைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும். முடிதிருத்தகங்களில் கழுத்தைத் திருகிச் ‘சொடக்கு’ எடுப்பது அறவே கூடாது. திடீர்த் திருகலால் கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் நேரக்கூடும்.

பெரும்பாலான கழுத்துவலி சில வாரங்களில் தணிந்துவிடும். ஆயின் வலி கைக்குப் பரவுதல், விரல்கள் மரத்தல், பிடிப்பு தளர்தல், நடை தள்ளாடுதல், சிறுநீரைக் கட்டுப்படுத்த இயலாமை, காய்ச்சலோடு கழுத்து விறைத்தல், அடிபட்டபின் வலித்தல் ஆகியன தோன்றினால் காலம் தாழ்த்தலாகாது. வடசென்னை மக்களுக்கு அரசு ஸ்டான்லி மருத்துவமனை அருகிலேயே உள்ளது. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், நடமாட இயலாதோரின் இல்லத்திற்கே இயன்முறை மருத்துவத்தைக் கொண்டு செல்கிறது.

நிறைவாக

உழைத்துக் களைத்த தலைமுறை தன் தோளில் மூட்டையை ஏற்றியது, அடுத்த தலைமுறை படித்து முன்னேற வேண்டும் என்பதற்காகவே. அப்படிப்பிற்குத் துணைசெய்யும் கருவி, பிள்ளைகளின் கழுத்தில் மற்றொரு மூட்டையாக ஏறிவிடலாகாது. கருவியைக் கைவிட வேண்டியதில்லை. அதனைக் கண்ணுக்கு நேரே உயர்த்தினால் போதும். வலித்தால் வாய்திறந்து சொல்வதும், அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பதும் இன்றே தொடங்கத்தக்க பழக்கங்கள்.

தெரியுமா?

நெடிய கழுத்துடைய ஒட்டகச்சிவிங்கிக்கும் மனிதரைப் போலவே ஏழு கழுத்தெலும்புகளே உள்ளன. பாலூட்டிகளுள் பெரும்பாலானவற்றுக்கும் இதே எண்ணிக்கைதான்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் சுமைதூக்கும் தொழிலாளி ஒருவரிடம் உரையாடி, உடலைக் காத்துக்கொள்ள அவர் பின்பற்றும் முறைகளைத் தொகுத்து எழுதுக.
2. உங்கள் வீட்டில் உள்ள பொருள்களைக் கொண்டு கண்மட்டத்தில் கைப்பேசி வைக்கும் அமைப்பை உருவாக்கி வகுப்பறையில் விளக்குக.