கைநாட்டு

1994 மார்ச். ஓர் அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டில் ஹவுஸ் சர்ஜனாக இருந்தேன். மார்ச் வந்தாலே குடும்பக்கட்டுப்பாட்டு டார்கெட் எல்லார் கழுத்தையும் நெரிக்கும். சீஃப் காலையில் வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை கு.க. ஆச்சு?"

அன்று பின்னிரவு ஒரு பெண்ணுக்கு சிசேரியன் என்று முடிவானது. இரண்டாவது பிரசவம். "இதோட முடிச்சு விட்ருங்கம்மா" என்றார் மாமியார். கணவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவளுக்கு எழுதத் தெரியாது. மைப்பெட்டியோடு நான் போனேன். மேலே சிசேரியன் தாள், அடியில் கு.க. தாள். கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள். வலி சற்று விட்டபோது அவள் விரலை நானே பிரித்தெடுத்து இரண்டு தாளிலும் ஒற்றினேன்.

"எதுக்கு டாக்டரம்மா?"

"ஆபரேஷனுக்கு."

பொய்யில்லை. பல வருடம் நான் பிடித்துத் தொங்கியதும் அந்தப் 'பொய்யில்லை'யைத்தான்.

மூன்றாம் நாள், தையலைப் பார்க்கப் போனேன். "ரெண்டும் பயலாப் போச்சு. எனக்கு ஒரு பொட்டப்புள்ள வேணும். எத்தன வருஷம் இடைவெளி விடணும் டாக்டரம்மா?" என்றாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பக்கத்துக் கட்டிலில் சீஃப் நின்றிருந்தார். "மூணு வருஷமாவது விடும்மா" என்றேன்.

கு.க.வுக்கான பணத்தை மாமியார் எண்ணி வாங்கிக்கொண்டு போனார்.

1996இல் டார்கெட் முறையை மத்திய அரசே கைவிட்டது. கட்டாயப்படுத்தியோ, மயக்க மருந்து கொடுத்த நிலையிலோ கு.க.வுக்குச் சம்மதம் வாங்கக்கூடாது, கணவரின் சம்மதம் தேவையில்லை என்று மத்திய அரசின் 2006 வழிகாட்டி நெறிகள் கூறின. 2008இல் சமீரா கோலி வழக்கின் தீர்ப்பு. பரிசோதனைக்காக மயக்கத்தில் கிடந்த பெண்ணின் கருப்பையையும் சினைப்பைகளையும், வெளியே இருந்த தாயாரின் சம்மதத்தோடு அகற்றியிருந்தார்கள். அது செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். 25,000 ரூபாய் இழப்பீடு. செய்தித்தாளில் அதைப் படித்த அன்று ஓ.பி. பார்க்க மனம் வரவில்லை. (2002இன் மருத்துவக் கவுன்சில் நெறிமுறையோ, அறுவைக்கு முன் யாரிடம் எழுதி வாங்குவது என்ற பட்டியலில் கணவன் அல்லது மனைவியைத்தான் முதலில் வைத்திருக்கிறது. நோயாளி கடைசியில் வருகிறார்.)

இப்போது என்னிடம் வருபவர்களை, என்ன செய்யப்போகிறோம் என்று அவர்கள் வாயால் சொல்ல வைத்த பிறகே பேனாவைக் கொடுக்கிறேன். நேரம் பிடிக்கிறது, சிஸ்டர்கள் சலித்துக்கொள்கிறார்கள். இதையெல்லாம் அவளுக்குச் செய்த ஈடாக நான் கணக்கு வைப்பதில்லை.

நான் சொன்ன கெடு 1997 மார்ச்சில் முடிந்திருக்கும். அதன்பிறகு ஒவ்வொரு மாதமும் அவள் நாள் எண்ணியிருப்பாள்.