தாங்கல்

பழைய தென்னார்க்காட்டுப் பக்கத்தில் தாங்கல் என்றால் சின்ன ஏரி. மழை கொட்டும்போது ஊருக்குள் பாய வேண்டிய தண்ணீரைத் தான் வாங்கி வைத்துக்கொண்டு, கோடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். அந்தச் சொல்லுக்கு வீட்டு உபயோகம் ஒன்றும் உண்டு. அண்ணன் தம்பிக்குள், மாமியார் மருமகளுக்குள், வெளியே சொல்லாமல் அடைத்து வைத்திருக்கும் வருத்தத்துக்கு மனத்தாங்கல் என்று பெயர். மூன்றாவதாகவும் ஓர் அர்த்தம் இருக்கிறது. அது ரசாயனப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது.

எனக்கும் ரசாயனத்துக்கும் இருந்த உறவு கல்லூரியில் இரண்டு வருஷம் நீடித்துப் பிறகு முறிந்துபோனது. படித்ததில் பெரும்பகுதி மறந்துவிட்டது. ஆனால் ஒரு நாள் மட்டும் நினைவிருக்கிறது. வாத்தியார் மேஜைமேல் இரண்டு கண்ணாடிக் குவளைகளை வைத்தார். ஒன்றில் வெறும் தண்ணீர். மற்றதில் அசெட்டிக் அமிலமும் சோடியம் அசெட்டேட்டும் கலந்த கரைசல். இரண்டிலும் மெத்தில் ஆரஞ்சு விட்டார், இரண்டும் மஞ்சளாயின. பிறகு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட ஆரம்பித்தார். தண்ணீர் இரண்டாவது சொட்டிலேயே சிவந்துவிட்டது. மற்றது அசையவில்லை. பத்துச் சொட்டு, இருபது, முப்பது. பின் பெஞ்சிக்காரர்களாகிய நாங்கள் அலுத்துப்போய்ப் பேசத் தொடங்கிய பிறகு, ஏதோ ஒரு கட்டத்தில் அதுவும் நிறம் மாறிச் சிவந்தது.

"இதற்குத்தான் தாங்கல் கரைசல் என்று பெயர். கடைசிச் சொட்டைத் திட்டாதீர்கள். முதல் சொட்டிலிருந்தே அது செலவாகிக்கொண்டுதான் இருந்தது. உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்" என்றார் வாத்தியார்.

அந்த வருஷம்தான் அப்பா காலமானார். காரியமெல்லாம் முடிந்து நான் கல்லூரிக்குக் கிளம்பின அன்று, அம்மா வாசற்படியில் நின்றுகொண்டு, "போதும்டா தம்பி. ரெண்டு வருஷம் படிச்சதே பெரிசு" என்றாள். மறுவாரம் பண்ணுருட்டியில் ஒரு முந்திரி வியாபாரியிடம் கணக்கு எழுதப் போய்ச் சேர்ந்தேன். தங்கைக்குக் கல்யாணம் ஆயிற்று. வீடு கடனில் மூழ்காமல் தப்பியது. எனக்கு மட்டும் அம்மாமேல் ஒரு மனத்தாங்கல் விழுந்துவிட்டது. அவளிடம் நான் அதைச் சொல்லவில்லை. சொல்லாமல் நாவலாக எழுதிவிட்டேன். என் முதல் நாவலில் பருப்பு டப்பாவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நடமாடுகிற ஒரு தாய் வருவாள். அண்ணாகிராமத்தில் எங்களைத் தெரிந்தவர்கள் அவளை உடனே அடையாளம் கண்டுகொண்டார்கள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு வாசிக்கத் தெரியும்.

சென்ற ஆண்டு ஊருக்குப் போயிருந்தபோது அவள் கால்கள் வீங்கியிருப்பதைப் பார்த்தேன். "பஸ்ஸிலே காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தேன், அதான்" என்றாள். போன வாரம் போன பஸ்ஸுக்கு இந்த வாரம் கால் வீங்குமா? கணுக்கால்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. பிசைந்த மாவில் விரல் வைத்த மாதிரி.

சிதம்பரத்தில் சிறுநீரக வைத்தியம் பார்க்கும் ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். பஸ் வடலூரைக் கடக்கும்போது அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக் கைகூப்பினாள். வள்ளலார் 1867இல் தர்மச்சாலையில் ஏற்றிவைத்த அடுப்பு இன்னும் அணையாமல் எரிகிற ஊர் அது. "பசிச்சவங்களுக்குச் சோறு போட்டா வேற சாமியே வேண்டாம்டா" என்பது அவள் சித்தாந்தம்.

டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆல்புமின் 2.4தான் இருக்கு சார். 3.5க்கு மேலே இருக்கணும். பல வருஷத்துச் சர்க்கரை. சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாயிட்டது. புரதம் ஒழுகுது."

ரத்தத்தில் ஓடுகிற புரதங்களில் ஆல்புமினே அதிகம். ரத்தக் குழாய்க்குள் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது அதன் முக்கியமான வேலை. அது குறைந்தால் தண்ணீர் குழாயைவிட்டுக் கசிந்து சதைக்குள் போய்த் தேங்கும். சிறுநீரகம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டர் வடிகட்டுகிறது. நல்ல சிறுநீரகம் அவ்வளவிலும் ஆல்புமினை வெளியே விடுவதில்லை. அம்மாவின் சிறுநீரகம் விட்டுக்கொண்டிருந்தது.

கதை எழுதுகிறவனுக்கு ஒரு பழக்கம். எந்தப் பாத்திரத்தைக் கண்டாலும் அதன் பூர்வோத்தரத்தை விசாரிக்காமல் விடமாட்டான். புரதம் என்கிற இந்தப் பாத்திரத்தையும் விசாரித்தேன். 'முதன்மையானது' என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து 1838இல் அதற்கு ஐரோப்பாவில் பெயர் வைத்தார்கள். அமினோ அமிலங்கள் என்ற மணிகளைக் கோத்த சங்கிலி அது. மணிகளில் இருபது வகை. அவற்றில் ஒன்பதை நம் உடம்பால் செய்துகொள்ள முடியாது. சோற்றோடு வந்தால்தான் உண்டு. கோத்த சங்கிலி சங்கிலியாகவே கிடப்பதுமில்லை. நம் உடம்பு பெரும்பாலும் தண்ணீர். மணிகளில் சில தண்ணீருக்கு உறவு, சில எண்ணெயைப் போல் தண்ணீருக்கு ஆகாதவை. ஆகாதவையெல்லாம் உள்ளே ஒளிந்துகொள்ள, உறவானவை வெளியே நிற்க, சங்கிலி தானாக மடிந்து ஓர் உருவம் கொள்கிறது. அந்த உருவம்தான் அதன் தொழிலைத் தீர்மானிக்கிறது.

இதையெல்லாம் கண்டுபிடித்தவர்கள் எங்கோ கடலுக்கு அப்பால் இருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். விசாரித்ததில் பாதி விஷயம் நம் வாசலுக்கே வந்து சேர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், பக்கத்திலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காரு வால் தசைநாரை வாங்கிவந்து எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்து ஆராய்ந்தார்கள். தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் மூன்று இழைகளை முறுக்கிய கயிறு என்று 1954இல் சொன்னார்கள். ஒவ்வோர் இழையிலும் மூன்றாவது மணிதோறும், இருபதிலும் மிகச் சின்னதான கிளைசின்தான் இருந்தாக வேண்டும். பெரிய மணிக்குக் கயிற்றின் நடுவில் இடமில்லை. 1963இல் ராமச்சந்திரனும், உடனிருந்த ராமகிருஷ்ணன், சசிசேகரன் என்ற இருவருமாக இன்னொரு காரியம் செய்தார்கள். சங்கிலியில் ஒரு கண்ணி எந்தெந்தக் கோணத்தில் திரும்பலாம், எதில் திரும்பினால் அக்கம்பக்கத்தை இடித்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டு ஒரு வரைபடம் தந்தார்கள். இன்றைக்கும் உலகத்தில் எந்த மூலையில் ஒரு புரதத்தின் உருவத்தைக் கண்டுபிடித்தாலும், அது சரியா என்று இந்த ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

இன்னொரு செய்தி அதைவிட நெருங்கி வந்தது. உயிரணுவுக்குள் மணிகளைக் கோக்கும் பட்டறைக்கு ரைபோசோம் என்று பெயர். அதன் அமைப்பைக் கண்டதற்காக 2009இல் ரசாயன நோபல் பரிசை மூவர் பகிர்ந்துகொண்டார்கள். அவர்களில் ஒருவரான வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் பிறந்தது 1952இல், சிதம்பரத்தில். மூன்று வயதில் குடும்பத்தோடு பரோடா போய்விட்டார். டாக்டரம்மாவின் வாசலில் முறைக்காகக் காத்துக்கிடந்த நேரமெல்லாம் நான் அந்த ஊரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பட்டறைக்கு ஒரு கண்டிப்பு உண்டு. வேண்டிய மணிகளில் ஒன்று இல்லாவிட்டால் மற்றவை எத்தனை இருந்தாலும் சங்கிலி முடியாது. மிஞ்சிய மணிகளை நாளைக்கென்று எடுத்து வைக்கவும் உடம்புக்குத் தெரியாது. கொழுப்பைச் சேர்த்து வைக்கும். புரதத்துக்கு அப்படிக் களஞ்சியம் கிடையாது. போதாதபோது தன் தசையையே அவிழ்த்துத்தான் எடுத்துக்கொள்ளும். நூறு கிராம் அரிசியில் புரதம் ஏழெட்டுக் கிராம். துவரம்பருப்பில் இருபதுக்கு மேல். நாங்கள் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலையில் ஏறக்குறைய இருபத்தைந்து. அரிசியில் லைசின் என்ற மணி குறைவு. பருப்பில் அது தாராளம். ஆனால் மெத்தியோனைன் குறைவு. அது அரிசியில் இருக்கிறது. சோறும் பருப்பும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். இட்லியும் பொங்கலும் கண்டுபிடித்த பாட்டிகள் லைசினைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் வீட்டு அடுக்களை கண்முன் வந்து நின்றது. வாரத்தில் மூன்று நாள் பருப்புப் போட்ட குழம்பு. அம்மா கரண்டியை அடியில் விட்டுக் கிளறி, பருப்பாக எடுத்து எனக்கும் தங்கைக்கும் ஊற்றுவாள். கடைசியில் தான் உட்காரும்போது சட்டியில் மேல்தெளிவு இருக்கும். சோறு இருக்கும். "எனக்குத் தெளிவுதான் பிடிக்கும்" என்பாள். பல வருஷம் நான் அதை ருசி பற்றிய தகவல் என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மாவிடம் கேட்டேன். "பருப்பே சாப்பிடாததாலேயா இது?"

அவர் சிரிக்கவில்லை. "இல்லை சார். இது சர்க்கரையினால் வந்தது. அந்தப் பாரத்தை நீங்கள் சுமக்க வேண்டாம்" என்றார்.

நான் நிம்மதி அடைந்திருக்க வேண்டும். "அப்படியானால் இனிமேல் அம்மாவுக்குத் தினமும் பருப்பும் முட்டையும் கொடுக்கட்டுமா?" என்று ஆவலோடு கேட்டேன்.

"அதையும் செய்யாதீர்கள்" என்றார் அவர். பிறகு காகிதத்தில் இன்னோர் எண்ணைக் காட்டினார். பைகார்பனேட் 16. குறைந்தது 22 இருக்க வேண்டும்.

அங்கேதான் என் பழைய வாத்தியார் திரும்பி வந்தார். ரத்தம் ஒரு தாங்கல் கரைசல். அதன் கார அமிலக் கணக்கு 7.35க்கும் 7.45க்கும் நடுவில் நிற்க வேண்டும். அந்தக் குறுகிய வரப்பைத் தாண்டினால் எந்தப் புரதமும் தன் தொழிலைச் சரியாகச் செய்யாது. நாம் சாப்பிடும் புரதம் உடம்பில் எரிந்தால் அமிலமும் மிஞ்சுகிறது. மெத்தியோனைன் போன்ற மணிகளில் கந்தகம் இருக்கிறதல்லவா? அந்த அமிலத்தை ரத்தத்திலுள்ள பைகார்பனேட் வாங்கிக்கொள்கிறது. கரியமில வாயுவாக மாறுவதை நுரையீரல் வெளியே தள்ளுகிறது. செலவான பைகார்பனேட்டைத் திரும்ப நிரப்புவது சிறுநீரகம். அது தளர்ந்துவிட்டால் தாங்கல் வற்றும். அப்போதும் உடம்பு லேசில் விட்டுக்கொடுப்பதில்லை. எலும்பிலிருந்து காரத்தைக் கரைத்து எடுத்துத் தாங்கும். தசையையும் கரைக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும்.

ஆகவே புரதத்தில் கணக்கு வேண்டும் என்றார் டாக்டரம்மா. எடையில் கிலோவுக்கு முக்கால் கிராமுக்கு மேல் போகக் கூடாது. அம்மாவின் உடம்பைப் பார்த்து அம்மாவுக்குச் சொன்ன கணக்கு அது. வாசகர்கள் தங்கள் வீட்டில் பருப்பைக் குறைத்துவிட வேண்டாம். சோடியம் பைகார்பனேட் மாத்திரையும் எழுதிக்கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து மாத்திரையைப் பிரித்துக் கொடுத்தபோது, இது என்ன என்று அம்மா கேட்டாள்.

"ஆப்பச் சோடாதாம்மா."

"அட! அதையா மாத்திரையாப் பண்ணித் தராங்க? அடுக்களையிலேயே கிடக்குதே" என்று ஆச்சரியப்பட்டாள்.

ராத்திரி சாப்பாடு. நான்தான் சமையலுக்கு அளந்து கொடுத்தேன். அவளுக்கு எவ்வளவு பருப்பு என்று டம்ளரில் அளந்தேன். இத்தனை வருஷம் கழித்து அவள் தட்டில் அள்ளிப் போட வேண்டும் என்று கை துடிக்கிற நேரத்தில், போடாதே என்கிறது வைத்திய சாஸ்திரம். இந்தக் கொடுமையை நாவலில் எழுதினால் செயற்கை என்பார்கள்.

அம்மா என் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"உன் புஸ்தகத்திலே ஒருத்தி வருவாளே, பருப்பு டப்பாவைப் பூட்டிச் சாவியை இடுப்பிலே சொருகிக்கிட்டு. நான் எப்படா பூட்டினேன்?"

இருபது வருஷம் கழித்துக் கேட்கிறாள். குரலில் கோபமில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கதையென்றும் கற்பனையென்றும் கூட்டங்களில் நான் சொல்லுகிற பதில் ஒன்றும் நாக்கில் வரவில்லை. நீ பூட்டவில்லை அம்மா, நான்தான் தப்பாக எழுதிவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே சிரித்துவிட்டாள்.

"இப்ப நீதான் பூட்டணும் போல இருக்குது" என்றாள்.

எழுந்திருக்க முடியாமல், உட்கார்ந்தபடியே கையை நீட்டிச் சட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். கரண்டியை அடியில் விட்டுக் கிளறினாள். பருப்பாக எடுத்து என் தட்டில் ஊற்றினாள். மேலே இருந்த தெளிவைத் தன் சோற்றில் விட்டுக்கொண்டாள்.

"எனக்கு எப்பவும் இதுதான் பிடிக்கும்" என்றாள்.