‘இறுத்தல்’ என்னும் வினை

ஆங்கிலத்தில் ‘ராக்’ என்னும் வினைக்குப் பொருள் பல. சட்டத்திற் கட்டி உறுப்புக்களை இழுத்து வதைத்தலும், நினைவுக்கு வாராத ஒன்றிற்காக மூளையை வருத்துதலும் பலரும் அறிந்தவை. இவற்றோடு பிறப்பால் தொடர்பின்றி ஒலியால் மட்டும் ஒத்து நிற்கும் மற்றொரு ‘ராக்’ உண்டு. அது திராட்சரசம் செய்வோர்தம் தொழிற்சொல். 15ஆம் நூற்றாண்டளவில் தென்பிரான்சின் மொழியினின்று ஆங்கிலம் புகுந்தது; திராட்சையின் சக்கையையும் வண்டலையும் குறிக்கும் ‘ராக்கா’ என்னும் பெயரே அதற்கு வேர் என்பர். வண்டலை அடியில் விட்டுத் தெளிந்த ரசத்தை மட்டும் வேறொரு கலத்திற்கு மாற்றுதலே அதன் பொருள்.

பழச்சாறு பொங்கிப் புளித்து அடங்கிய பின்னர், உயிரொழிந்த ஈஸ்டும், பழத்தின் தசைத்துகளும், உப்புப் பளிங்குகளும் மெல்ல அடியிற் படியும். நெடுநாள் கவனியாது விட்டால் அப்படிவினின்று அழுகிய முட்டையின் நாற்றம் எழுதலும் உண்டு. ஆதலின் போர்தோ நாட்டு நிலவறைகளில், 225 லிட்டர் கொள்ளும் ஓக்மரப் பீப்பாய்களில் ரசத்தை வைத்து, ஏறத்தாழ மூன்று திங்களுக்கு ஒருமுறை பீப்பாய் மாற்றுதல் பழைய மரபு. ரசம் ஓடுங்கால் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, அதன் ஒளியிற் குவளையைப் பிடித்துப் பார்ப்பர். புகைபோன்ற முதற்கலங்கல் தோன்றிய மாத்திரத்தே நிறுத்திவிடுவர். எஞ்சிய சிறிது ரசம் வண்டலோடு போகும். முழுவதும் வேண்டுமென்பான் வண்டலையும் ஏற்க வேண்டியதே. இச்செயலை இத்தாலியர் ‘திராவசாரே’ என்பர். கலத்தினின்று கலத்திற்கு மாற்றுதல் என்பது அதன் சொற்பொருள்.

இத்துணையும் யாம் தேடிப் படித்தமைக்குக் காரணம் எரேமியா 48ஆம் அதிகாரம். எம் தந்தையார் சபைக்குருவாதலின் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு சேகரத்தினின்று மறு சேகரத்திற்கு மாற்றப்படுவார். பிரிவுபசாரக் கூட்டந்தோறும் யாரேனும் ஒருவர் அவ்வதிகாரத்தின் 11ஆம் வசனத்தை எடுத்துப் பேசுவர். மோவாப் இளமைதொட்டுப் பாத்திரம் மாற்றப்படாமல் தன் வண்டலின்மேல் அமர்ந்திருந்தமையால், அதன் சுவை நிலைத்தது, மணம் வேறுபடவில்லை என்பது தீர்க்கதரிசியின் கூற்று. ஒருமுறை, பாத்திரங்களை வைக்கோலிட்டுச் சாக்கிற் கட்டிக்கொண்டிருந்த எம் தாயார், சுவை கெடாதிருந்தது நன்றுதானே, அதற்கு ஏன் தண்டனை என்று வினவினார். தந்தையார் விடை இறுத்திலர்.

அவ்வினாவிற்கு விடை அவ்வசனத்தின் வினைச்சொல்லிலேயே உளதென்பது எம் கருத்து. தமிழ் வேதாகமத்தில் அவ்விடத்து நிற்பது ‘வார்த்தல்’. வார்த்தல் என்பது ஊற்றுதலை மட்டுமே உணர்த்தும். எது பெயர்ந்தது, எது தங்கியது என்று சொல்லாது. வடித்தலோ வடிகட்டுதலோ எனின் துணியும் சல்லடையும் நினைவுக்கு வரும். கருப்பட்டியைக் கரைத்து, மண் அடியிற் படியும்வரை காத்திருந்து, மேலே தெளிந்ததைக் கை அசையாமற் சாய்த்து எடுக்கின்ற செயலுக்குத் தமிழில் ‘இறுத்தல்’ என்றே பெயர். பள்ளி விஞ்ஞான நூல்களும் ‘தெளிய வைத்து இறுத்தல்’ என்கின்றன. வில்லை இறுத்தலும், வரி இறுத்தலும், விடை இறுத்தலும் வேறு. ஆங்கில ‘ராக்’ போலவே நம் ‘இறு’வும் பல பொருள் தாங்கி நிற்பது வியப்பன்றோ?

ஈண்டுப் பிறிதொரு சொல்லையும் குறிக்க ஆசை எழுகின்றது. இறுக்குமுன் ரசத்தைத் தெளிவிக்கப் பீப்பாய்க்கு ஐந்தாறு முட்டையின் வெண்கருவைச் சேர்ப்பது போர்தோ வழக்கம். நம்மவர் கலங்கிய நீருக்குத் தேற்றாங்கொட்டையைத் தேய்த்தனர். கலித்தொகையில் அஃது உவமையாகவும் வந்துளது. அதற்குரிய வினை ‘தேற்றுதல்’. துயருற்றாரை ஆற்றுதற்கும் அதுவே சொல். யோவான் 14ஆம் அதிகாரத்தில் ‘தேற்றரவாளன்’ என்று படிக்கும்போதெல்லாம் எமக்கு அந்நீர்க்குடமே கண்முன் நிற்கும்.

நிற்க. வண்டல் இழிந்ததென்று தீர்க்கதரிசிகள் கருதினாரல்லர். எபிரேயத்தில் வண்டலுக்குரிய ‘ஷெமாரிம்’ என்னும் பெயர் காத்தல் என்னும் பொருளுடைய வேரினின்று பிறந்தது. ஏசாயா 25ஆம் அதிகாரத்து விருந்திற் பரிமாறப்படுவதும் வண்டலின்மேற் கிடந்து முதிர்ந்து, பின் தெளிவாக்கப்பட்ட ரசமே. இன்றும் பிரான்சின் முஸ்காடே ரசத்தைக் குளிர்காலம் முழுதும் வண்டலோடு வைத்து, அதன் பின்னரே புட்டிகளில் அடைப்பர். கிடக்க வேண்டிய காலமும் உண்டு. பெயர்க்க வேண்டிய காலமும் உண்டு. சிப்மா ஊரின் திராட்சைக்குப் பேர்பெற்ற மோவாபியர் இதனை அறியாதவரல்லர். அடுத்த வசனத்தில் வருவோர் மெல்லச் சாய்த்து இறுப்போர் அல்லர். கலத்தைக் கவிழ்த்துச் சாடிகளையும் உடைப்போர். பதமறிந்த கை வாராமையின் முரட்டுக் கை வந்தது என்று யாம் பொருள்கொள்கின்றோம்.

ஆயினும் பிரிவுபசாரங்களில் அவ்வசனத்தை அத்துணை எளிதாய் ஆறுதலாக்குதல் எமக்கு உடன்பாடன்று. மாற்றந்தோறும் யாம் விட்டுவந்தவற்றுள் பள்ளித் தோழரும் இருந்தனர். அவரை வண்டலென்று எங்ஙனம் கூறுவது?

இனி, ‘வார்க்கப்படாமல்’ என்பதை ‘இறுக்கப்படாமல்’ என்று திருத்தலாமோ எனின், அதிலும் இடர் உண்டு. கயிற்றால் இறுக்குதலென்றே பலரும் கொள்வர். ‘இறுத்து மாற்றப்படாமல்’ எனின் அம்மயக்கம் நீங்கும். எம் தாயாருடைய வேதாகமத்தின் ஓரத்தில், அவர்தம் இசைவோடு, பென்சிலால் அவ்வாறு குறித்து வைத்துள்ளோம்.