கிண்ணத்தில் இடும் காரம்

ஒரு வீட்டின் உணவுப் பந்தியைப் பிளவுபடுத்தும் ஆற்றல் காரத்திற்கு உண்டு. தகப்பனாருக்கு உறைப்பு இல்லாமல் சோறு இறங்காது. வயிற்றுப் புண்ணுள்ள பாட்டிக்கோ உறைப்பு ஆகவே ஆகாது. சிறு பிள்ளை முதல் கவளத்திலேயே தண்ணீர் கேட்கும். நம் குழம்பில் மிளகாய் தொடக்கத்திலேயே கலந்துவிடுவதால், அதைப் பிறகு பிரித்தெடுக்க யாராலும் இயலாது. ஆகவே பெரும்பான்மையோருக்கு ஒரு சட்டியும், ஒதுங்கியவருக்கு ஒரு பத்தியக் கிண்ணமுமாக அடுப்பு இரண்டாகிறது. பத்தியக்காரர் முன்னதாகவே உண்டு எழுந்துவிடுகிறார். இப்பிளவைச் சமையலாலேயே ஆற்ற முடியும் என்பதை நான் கண்டுகொண்டது டோக்கியோ நகரில், ‘டான்டான்மென்’ என்னும் காரமான ராமென் சூப்பை வீட்டில் ஆக்கக் கற்றபோதுதான்.

ராமென், சீனத்திலிருந்து ஜப்பானுக்கு வந்து அந்நாட்டின் உணவாகவே ஆகிவிட்ட கோதுமை நூடுல்ஸ் சூப்பு. 1910ஆம் ஆண்டு டோக்கியோவின் அசாகுசா பகுதியில் திறக்கப்பெற்ற ‘ரைரைகென்’ அதனை எளிய மக்களிடம் பரப்பிய முன்னோடிக் கடைகளுள் ஒன்று. 1945இல் போர் முடிந்தபின் அரிசிக்குப் பெரும் பஞ்சம் நிலவியது. அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமை மாவு தெருக்கடைகளில் நூடுல்ஸாகி மக்களின் பசியைத் தணித்தது. அக்கடைகளின்முன் குளிரில் காத்துநின்ற மக்கள் வரிசையே, 1958இல் மோமோஃபுகு ஆன்டோ உடனடி நூடுல்ஸைக் கண்டுபிடிக்கத் தூண்டுதலாயிற்று என்பர்.

டான்டான்மென்னின் பிறப்பிடம் சீனத்தின் சிச்சுவான் மாநிலம். ‘டான்’ என்பது தோளில் சுமப்பதைக் குறிக்கும் சொல். காவடித் தண்டின் இருபுறமும் அடுப்பையும் பாத்திரங்களையும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாய் விற்றவர்களின் உணவு அது. அங்கே அது பெரும்பாலும் சூப்பின்றியே பரிமாறப்பட்டது. 1952இல் ஜப்பானுக்கு வந்து, 1958இல் டோக்கியோவில் ‘ஷிசென் ஹான்டென்’ என்னும் உணவகத்தைத் திறந்த சென் கென்மின், ஜப்பானியர் நாவுக்கேற்பக் காரத்தைத் தணித்து, எள்ளின் மணம் மேலோங்க, சூப்போடு அதனைப் புதிதாக அமைத்தார். தொலைக்காட்சிச் சமையல் நிகழ்ச்சிகளின் வழியாகச் சிச்சுவான் சமையலை ஜப்பானிய இல்லங்களுக்குள் கொண்டு சேர்த்தவரும் அவரே.

மேற்படிப்புக்காக நான் தங்கியிருந்த குருக்கள் இல்லத்தில் ஆறு பேர் இருந்தோம். மூத்தவர் எழுபதை நெருங்கிய ஜப்பானியத் தந்தை. வயிற்றில் அறுவை மருத்துவம் செய்துகொண்டவர். காரம் அறவே விலக்கப்பட்டவர். கொரியர் ஒருவர், வியட்நாமியர் ஒருவர், நான் என மூவர் காரத்திற்கு ஏங்குபவர்கள். ஞாயிறு இரவு சமையல் செய்பவருக்கு ஓய்வு. அன்று நாங்கள் உறைப்பாய் ஏதேனும் ஆக்குவதும், பெரியவர் தம் கஞ்சியை எடுத்துக்கொண்டு தம் அறைக்குச் செல்வதும் வழக்கமாயிருந்தது. யாரும் அவரைப் போகச் சொன்னதில்லை. இளையவர்களின் மகிழ்ச்சிக்குத் தாம் தடையாகலாகாது என்று அவரே போனார். போருக்குப் பிந்திய ஆண்டுகளில், தெருக்கடையில் வாங்கிய ஒரே கிண்ண ராமெனைத் தம்பியோடு பகிர்ந்து உண்டதாக அவர் ஒருமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தத் தம்பி பிழைக்கவில்லை.

அந்நாளில் எங்கள் ஆலயத்திற்கு வரும் ஒரு தாய் எங்களுக்கு டான்டான்மென் கற்பிக்க முன்வந்தார். அவர் சொன்ன முதல் விதியே என்னை வியப்பில் ஆழ்த்தியது: பானையில் மிளகாய் கிடையாது, உப்பும் கிடையாது. பானையில் இருப்பது எல்லாருக்கும் பொதுவானது. உப்பும் புளிப்பும் உறைப்பும் அவரவர் கிண்ணத்தில் இடப்படுபவை.

ஆறு பேருக்கு மூன்று லிட்டர் தண்ணீரில் 30 கிராம் ‘கொம்பு’ என்னும் உலர்ந்த கடற்பாசியையும், ஆறு உலர்ந்த ஷீட்டாகே காளான்களையும் முந்திய இரவே ஊறவைத்தோம். மறுநாள் சிறுதீயில் சூடாக்கி, கொதி வருமுன் கடற்பாசியை எடுத்துவிட வேண்டும். கொதித்தால் வழவழப்பும் கசப்பும் இறங்கும். பின்னர், ஒருமுறை வெந்நீரில் கொதிக்கவைத்துக் கழுவிய கோழி எலும்பு ஒன்றரைக் கிலோவை இஞ்சி, வெங்காயத்தாளுடன் சேர்த்து, மூன்று மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிடாமல் மெல்லக் காய்ச்ச வேண்டும்.

இந்தச் சாற்றின் சுவைக்கு ஒரு வரலாறு உண்டு. டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிகுனே இகேதா, கொம்புச் சாற்றின் சுவைக்குக் காரணம் குளூட்டமேட் என்று 1908இல் கண்டறிந்து, அச்சுவைக்கு ‘உமாமி’ என்று பெயரிட்டார். இறைச்சியிலும் மீனிலும் உள்ள இனோசினேட், உலர்ந்த காளானில் உள்ள குவானிலேட் ஆகியவை குளூட்டமேட்டோடு சேரும்போது அச்சுவை பன்மடங்காகிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. கடலும் காடும் கோழிக் கூடும் ஒரே பானையில் சேர்வதன் பொருள் இதுவே.

நம் முன்னோர் வகுத்த அறுசுவையில் உமாமிக்குப் பெயரில்லை; கார்ப்புக்கு இடமுண்டு. இன்றைய அறிவியலோ கார்ப்பைச் சுவையென்று கொள்வதில்லை. அதனை ஒருவகை வேதனை என்கிறது. கொதிக்கும் வெப்பத்தை உணரும் நரம்பு ஏற்பியே மிளகாயின் கேப்சைசினையும் உணர்கிறது என்பதை டேவிட் ஜூலியசும் அவர்தம் குழுவினரும் 1997இல் வெளியிட்டனர். அவருக்கு 2021இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. ஒருவர் விரும்பி ஏற்கும் வேதனையை மற்றவர் தாங்குவார் என்று எப்படிச் சொல்வது? அதைப் பானையில் கலந்துவிட்டு, ‘எல்லாரும் உண்ணுங்கள்’ என்று அழைப்பது முறையாகாது.

ஆகவே காரம் தனியே ஒரு புட்டியில் இருந்தது. அதன் பெயர் ‘ராயு’. எண்ணெயில் இஞ்சி, வெங்காயத்தாள், நாவை மரத்துப்போகச் செய்யும் சிச்சுவான் மிளகு ஆகியவற்றைக் காய்ச்சி வடித்து, சற்றே ஆறவிட்டுக் கொரகொரப்பான மிளகாய்ப் பொடியின்மேல் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். சூடு மிகுந்தால் பொடி கருகிக் கசக்கும். குறைந்தால் நிறமே இறங்காது. பொடி மெல்லப் பொங்கி அடங்குவதே பதம். கேப்சைசின் நீரில் எளிதிற் கரையாது, எண்ணெயில் கரையும். அதனால்தான் எண்ணெயில் ஏற்றிய காரத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து கொடுக்க முடிகிறது.

வறுத்த வெள்ளை எள்ளை எண்ணெய் கக்கும்வரை அரைத்த விழுது இரண்டு மேசைக் கரண்டி, சோயா சாறு ஒன்றரைக் கரண்டி, சிறிது வினிகர், நசுக்கிய பூண்டு: இவை ஒவ்வொரு கிண்ணத்தின் அடியிலும் இடப்படும். கொத்திய பன்றி இறைச்சியை இஞ்சியும் இனிப்பான மாவுப் பசையும் சேர்த்து உதிரியாக வறுத்தோம். அதிலும் மிளகாய் விழுது சேர்க்கவில்லை.

நூடுல்ஸ் மாவில் சேரும் காரநீருக்குக் ‘கான்சுயி’ என்று பெயர். மஞ்சள் நிறமும் துள்ளும் தன்மையும் அதனால் வருபவை. சமையல் சோடாவை அடுப்பில் நெடுநேரம் சூடாக்கிச் சோடியம் கார்பனேட்டாக மாற்றி அதற்குப் பதிலாக இடுவதும் உண்டு. நாங்கள் கடையில் விற்கும் பச்சை நூடுல்ஸையே வாங்கினோம். உப்பிடாத மிகுந்த நீரில் இரண்டு நிமிடம் வெந்தால் போதும்.

அந்தத் தாயின் இரண்டாம் விதி இங்கேதான் வந்தது: எல்லாரும் அமர்ந்தபின்னரே நூடுல்ஸ் நீரில் இறங்க வேண்டும். சூப்பில் ஊறிப் பதங்கெட்ட நூடுல்ஸை ஜப்பானியர் ‘நொபிரு’, அதாவது நீண்டுவிட்டது என்பர். ஐந்து நிமிடம் தாமதித்தால் மூன்று மணி நேர உழைப்பு வீணாகும். முன்னதாக உண்டு எழுவதற்கோ, அறைக்கு எடுத்துச் சென்று பிறகு உண்பதற்கோ ஏற்ற உணவன்று இது. ஆகவே அன்றிரவு வியட்நாமியத் தந்தை பெரியவரின் அறைக் கதவைத் தட்டி, “தாங்கள் வந்து அமராமல் அடுப்பில் எதுவும் இறங்காது, தந்தையே” என்றார்.

அவர் வந்தார். வெந்நீரால் சூடேற்றிய கிண்ணங்களில் எள் விழுதின்மேல் சூப்பை ஊற்றிக் கலக்கியதும் பால்நிறம் பரவியது. நூடுல்ஸும் இறைச்சியும் வெந்த கீரையும் மேலேறின. அவருடைய கிண்ணமும் எங்களுடையதும் ஒன்றே. எண்ணெய்ப் புட்டி மட்டும் கடைசியில் சுற்றி வந்தது. கொரியருக்கு மூன்று கரண்டி, எனக்கு இரண்டு, பெரியவருக்கு ஒன்றுமில்லை. நூடுல்ஸை ஓசையோடு உறிஞ்சி உண்பது அந்நாட்டில் குறையன்று. அவர் சிறுவனைப்போல் உறிஞ்சினார். கிண்ணத்தைக் கீழே வைத்தபின், “தம்பிக்குப் பிடித்திருக்கும்” என்று மட்டும் சொன்னார். நாங்கள் யாரும் பேசவில்லை.

அதன்பின் நான் அங்கிருந்த காலமெல்லாம் ஞாயிறு இரவுகளில் அவர் கஞ்சியோடு அறைக்குச் சென்றதில்லை. ஒரு துளி காரமும் அவர் தொடவில்லை. ஆனால் ராயுப் புட்டி நாளடைவில் அவர் கைக்கே போய்ச் சேர்ந்தது. ஒவ்வொருவரின் கிண்ணத்தருகிலும் வந்து, “உமக்கு எவ்வளவு?” என்று கேட்டு அவரே ஊற்றினார்.

இன்று நம் நாட்டில் இருந்துகொண்டே இதனை ஆக்குகிறேன். வறுத்த எள் அம்மியில் நன்றாகவே அரைபடுகிறது. ஜப்பானிய எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது. நம் நல்லெண்ணெயில் அந்த மணம் வாராது, எனினும் சுவைக்குக் குறைவில்லை. கொம்பு கிட்டாதபோது உலர்ந்த காளானும் நாட்டுக்கோழி எலும்புமே போதும். ஒன்றை மட்டும் மாற்றுவதில்லை. மிளகாய் எண்ணெயைப் பந்தியில் அமரும்வரை புட்டியிலேயே வைத்திருக்கிறேன்.